வானம் வெடித்தால் தாங்கும் அறை

1

வானத்தில் அந்தச் சத்தம் கேட்டபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். டும் டும் என்று அடுத்தடுத்து இரண்டு. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. ஸ்டாண்டில் இருந்த தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தெருவில் நின்ற கார்களெல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. கீரையை அப்படியே போட்டுவிட்டு, "ஐயையோ, யார் வீட்லயோ சிலிண்டர் வெடிச்சிடுச்சு!" என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

என் மகள் நிலா தன் புத்தகத்தை மூடிவிட்டு நிதானமாக எழுந்து வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நிதானம் அவளுக்கு அப்பா வழியில் வந்தது.

"மம்மி, அது சோனிக் பூம். உன் வேலையே அதுதானே?"

மானம் போயிற்று. கட்டடங்கள்மேல் சோனிக் பூம் மோதினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அது நிஜமாகவே வந்து தலைக்குமேல் இடித்தபோது எனக்கு சிலிண்டர் ஞாபகம்தான் வந்தது. என் கணவர் முரளி இதைச் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். உங்களில் பாதிப் பேர் அதில்தானே இருக்கிறீர்கள், படித்துச் சிரித்திருப்பீர்கள்.

ஊரிலிருந்து யாராவது போனில் "என்ன வேலைம்மா பாக்குற?" என்று கேட்டால், "சாஃப்ட்வேர் மாதிரி" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இப்போது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் காற்றை நெருக்கிக்கொண்டே போகும். அந்த நெருக்கம் ஓர் அலையாகத் தரைக்கு இறங்கும். அது தொடும் இடத்தில் நிற்பவருக்கு வெடிச்சத்தம் கேட்கும்; கட்டடத்துக்கோ ஒரு தள்ளு, உடனேயே ஓர் இழுப்பு. நாங்கள் கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, சுவரையும் கூரையையும் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக்கொள்வோம். அந்தத் தள்ளும் இழுப்பும் ஒவ்வொரு துண்டையும் எவ்வளவு அசைக்கும், அது பக்கத்துத் துண்டை எவ்வளவு அசைக்கும் என்று நொடியைத் துணுக்குகளாக்கிக் கணக்குப் பார்ப்போம். பெங்களூரில் போர் விமானங்களைச் சோதித்துப் பார்ப்பதால் எப்போதாவது இப்படி வானம் வெடிக்கும். நல்ல கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆட்டம் கண்ட கண்ணாடி உடையும், ஏற்கெனவே விட்டுப்போன பூச்சு உதிரும்.

நிலாவுக்கு அசடு வழியப் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கீழேயிருந்து எங்கள் வீட்டுக்காரம்மா சாந்தம்மாவின் குரல் வந்தது.

"கீதா! ஏ கீதா! பேக பா, சீக்கிரம் வா, சீலிங்கு விழுந்திருச்சு!"

2

பெங்களூரைப் போய்ப் புலம்பெயர்ந்த ஊர் என்று சொன்னால் கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் சிரிப்பான். குடியாத்தத்தில் காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். பனி கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், வேற்றூர் வேற்றூர்தான். பஸ்ஸில் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். என் கன்னடத்தைக் கேட்ட ஆட்டோக்காரர்கள் இரக்கப்பட்டு உடனே தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். ஊருக்கு வந்தாலோ காய்க்கடையில் "ஈருள்ளி எவ்ளோங்க?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் தம்பி முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். வெங்காயம் என்ற சொல் அந்த நேரம் பார்த்து வருவதில்லை.

குடியாத்தத்தில் எங்கள் தெரு முடிகிற பக்கம் ஒரு கல்குவாரி இருந்தது. மத்தியானம் சங்கு ஊதுவார்கள். ஊதினால் வெடி வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அம்மா என்ன வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு கைகளையும் விரித்துப் பாத்திர அலமாரியைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வெடித்து ஓய்ந்ததும், "பாழாப்போறவனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்புக்குப் போவாள். எந்த விரிசல் எந்த வெடிக்கு வந்தது, எது வீடு கட்டும்போதே வந்தது என்று அப்பாவுக்கும் அவளுக்கும் ஓயாத சண்டை. அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கத்தான் சிவில் இன்ஜினியரிங் படித்தேன் என்று இன்டர்வியூவில் சொன்னேன். சிரித்துக்கொண்டே வேலை கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணமாகி இங்கே வந்து வீடு தேடியபோது ஜோகுபாளையத்தில் சாந்தம்மாவின் வீடு கிடைத்தது. முன்பாதி பழைய காலத்துக் கட்டடம். தேக்கு உத்திரங்கள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. பின்பாதி பிற்பாடு கான்கிரீட்டில் கட்டியது. அதன் மாடியில் நாங்கள். சாந்தம்மா கன்னடக்காரர். ஆனால் தமிழர்கள் நிறைந்த ஜோகுபாளையத்திலேயே வாழ்ந்ததில் அவர் தமிழ் என் கன்னடத்தைவிடப் பல மடங்கு தேவலாம். கொஞ்சுவதற்குத் தமிழ், திட்டுவதற்குக் கன்னடம், இரண்டுக்கும் நடுவில் இரண்டும்.

நிலா பிறக்கப்போகும் நேரத்தில் அம்மா வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மூட்டை முடிச்செல்லாம் கட்டியாகிவிட்டது. அப்போது பார்த்துக் காவிரித் தண்ணீர் தகராறு கிளம்பிற்று. எல்லையில் அத்திப்பள்ளியோடு பஸ்கள் நின்றுவிட்டன. ரயிலிலாவது வருகிறேன் என்ற அம்மாவை நாங்களே வேண்டாம் என்று தடுத்தோம். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, யாருமில்லாமல் என்ன செய்யப்போகிறோம் என்று ஆட்டோவிலேயே அழுதுகொண்டு வந்தேன். சாந்தம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார்.

"உங்கம்மா வர்ற வரைக்கும் நான்தான் உனக்கு அம்மா. ஸும்னிரு, அழாதே."

மாடிக்கு ஏறவிடவில்லை. தன்னுடைய முன்னறையிலேயே என்னைப் படுக்கவைத்தார். தலைக்கு எண்ணெய், செம்பு அண்டாவில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சாம்பிராணிப் புகை, மிளகும் பூண்டும் போட்ட சாறு. பிள்ளை பெற்றவளைப் பாணந்தி என்பார்கள். அவளுக்குச் செய்யும் இந்தப் பணிவிடை முழுக்கப் பாணந்தன. தன் வயிற்றில் பிறந்தவளுக்குச் செய்வதுபோல் எனக்குச் செய்தார். அந்த நாட்களில் யாரோ வாசலில் வந்து, மாடியில் குடியிருப்பது யார், தமிழர்களா என்று விசாரித்திருக்கிறார்கள். "என் மகளு" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அவரில்லை. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர் மகள் காவ்யா. இந்த ஊருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனெல்லாம் அந்த ஒரு அறையிலிருந்து தொடங்குகிறது.

3

கீழே ஓடிப்போய்ப் பார்த்தால் அதே முன்னறை. மேலேயிருந்து ஆட்டுக்கல் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்து கிடந்தது. கட்டிலில் புது மெத்தை. காவ்யாவுக்காக வாங்கிப் போட்டது.

காவ்யா நிறைமாதம். துமகூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். அடுத்த வாரம் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரவேண்டும். சாந்தம்மா மெத்தையிலிருந்து சுண்ணாம்புச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். 

"அவ வந்து படுத்திருந்தான்னா, கீதா?"

 மெத்தையை இழுத்துச் சுவரோரம் சாய்த்தேன்.

சேதி துமகூருக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது, சாயங்காலமே சம்பந்தியம்மா போன் செய்துவிட்டார். கூரை இடிந்து விழுகிற வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப முடியாது, பாணந்தன இங்கேயே நடக்கட்டும் என்று. மரியாதையாகத்தான் சொன்னார். சாந்தம்மா போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள். ஊரில் எத்தனையோ பேருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த மனுஷி, தன் மகளுக்குச் செய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தவர். அது கையை விட்டுப் போகிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வீடு பாதுகாப்பானது என்று யாராவது அதிகாரி சொன்னால் சம்பந்தி ஒப்புக்கொள்வார் என்று நாங்கள் அலைந்தோம். போலீஸ் ஸ்டேஷனில் கார்ப்பரேஷனுக்குப் போகச் சொன்னார்கள். கார்ப்பரேஷனில், வானத்திலிருந்து வந்த சேதம் என்றால் வருவாய்த் துறை என்றார்கள். வருவாய்த் துறையில், வெள்ளமா, தீயா, இடியா என்று கேட்டார்கள். விமானம் என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள். கடைசியில் வார்டு இன்ஜினியர் ஒருவர் மனமிரங்கி வந்தார். அறைக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் நின்றபடி அண்ணாந்து பார்த்து, "ஹளே பில்டிங்கு. நீங்களே ஜாக்கிரதையா இருந்துக்கங்க" என்றார். இரண்டு நாள் கழித்து அதையே கன்னடத்தில் எழுதி அனுப்பினார்கள். நான் எழுத்துக்கூட்டி இரண்டாவது வரிக்கு வருவதற்குள் நிலா முழுவதும் படித்து முடித்து, "ஒண்ணுமே சொல்லல மம்மி, பழசுன்னு மட்டும் போட்டிருக்கு" என்றாள். அவளுக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. தமிழ் படிக்கத்தான் வராது. நான் எழுதும் இந்தக் குறிப்பையும் நானே வாசித்துக் காட்டினால்தான் உண்டு. அதற்கும் அவளுக்குப் பொறுமை இருந்தால். சில நாள் இது எனக்கு வலிக்கும். அன்றைக்கு உபயோகமாக இருந்தது.

சாந்தம்மா அந்தக் காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீ சொல்லு கீதா. இந்த ரூமு தாங்குமா, தாங்காதா? நீ தாங்கும்னா நான் துமகூருக்கு போன் பண்றேன். வேற எவன் பேச்சும் எனக்கு வேண்டாம்."

4

அந்த வாரக் கடைசி முழுக்க முன்னறையில்தான் இருந்தேன். டேப்பின் ஒரு முனையை நிலா பிடித்தாள். தளர்ந்திருந்த பூச்சையெல்லாம் ஒரு கொத்தனாரை விட்டுச் சுரண்டச் சொன்னோம். உத்திரங்களை ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இருந்தன, கட்டிலுக்கு மேலே இருந்த ஒன்றைத் தவிர. அது மேற்குச் சுவருக்குள் நுழையும் இடத்தில் பழைய மழைநீர் இறங்கி மரம் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. அந்த முனைக்குப் பலத்தைக் குறைத்துப் போட்டுக்கொண்டேன். உத்திரத்தை மாற்ற வேண்டுமானால் கூரையையே இறக்க வேண்டும், மாதக்கணக்காகும். காவ்யாவுக்கோ நாள் நெருங்கிவிட்டது.

ஆபீஸில் பெரிய பெரிய கட்டடங்களுக்குச் செய்கிற வேலையை ஓர் அறைக்குச் செய்தேன். கூரையை நறுக்கினேன், சுவரை நறுக்கினேன், தெருப்பக்கத்து ஜன்னல்கள் இரண்டு, உள்பக்கத்துக் கதவு, அதற்குமேல் வென்டிலேட்டர், எல்லாம் வைத்தேன். வழக்கமாக வருவதைவிடப் பலமான ஒரு சோனிக் பூமை அதன்மேல் விட்டேன். கூரை அசைந்தது. அந்த நோஞ்சான் முனையும் அசைந்தது. ஆனால் தாங்கக்கூடிய அளவுக்குள்தான். நம்பாமல் திரும்ப ஓட்டினேன். அதே விடை.

கீழே போய், "வரச்சொல்லுங்க சாந்தம்மா. தாங்கும்" என்றேன்.

அவர் என் கன்னத்தைக் கிள்ளிக் கையை முத்தமிட்டுக்கொண்டார். துமகூருக்குப் போன் போட்டு, "நம்ம இன்ஜினியரு சொல்லிட்டா" என்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார். அன்று ராத்திரி ஒப்பட்டு, அதாவது நம் ஊர் போளி, தட்டி நெய் ஊற்றி மாடிக்கு வந்தது. படித்த படிப்பால் ஒருவருக்கு நேராக ஒரு நல்லது செய்தோம் என்ற சந்தோஷத்தில் நான் ஒப்பட்டு கணக்கில்லாமல் தின்றேன்.

5

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து வருகிறேன். முன்னறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே சாந்தம்மா ஸ்டூல்மேல் நின்று வென்டிலேட்டருக்குள் பழைய புடவையைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருக்கிறார். தெருப்பக்கத்து ஜன்னல்கள் இரண்டும் சாத்தியாகிவிட்டன. இடுக்கிலெல்லாம் துணி. மேலே தடித்த கம்பளி.

"என்ன சாந்தம்மா பண்றீங்க?"

"ரூமு ரெடி பண்றேன். பாணந்திக்குக் காத்து ஆகாதில்ல? உனக்கும் இப்படித்தானே அடைச்சேன், மறந்துட்டியா?"

 மறக்கவில்லை. அந்த இருட்டில் வாரக்கணக்கில் படுத்திருந்தவள் நான்தான். அந்தக் கம்பளியின் நெடிகூட ஞாபகமிருக்கிறது. ஆனாலும் கணக்குப் போட உட்கார்ந்ததும் என் கை தன்னால் ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டது. ஆபீஸில் எங்களுக்கு வரைபடங்கள் வரும். அதில் ஜன்னல் என்றால் ஜன்னல். வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, அதனால் அடைத்துவிட்டார்கள் என்று எந்த வரைபடமும் சொல்லாது.

அடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஊம் என்று முழங்குமே, அதேதான். எல்லாப் பக்கமும் திறந்திருக்கும் அறையில் வெளியே காற்று அழுத்தினால் உள்ளேயும் உடனே அழுத்தம் ஏறிச் சரிக்குச் சரியாகிவிடும், கூரைக்குப் பாரம் குறையும். எல்லாவற்றையும் அடைத்து ஒரு கதவை மட்டும் பாதி திறந்து வைத்தால் அறை ஒரு பாட்டில். உள்ளே இருக்கும் காற்று தன் போக்கில் ஊஞ்சலாட ஆரம்பிக்கும். அந்த ஆட்டமும் சோனிக் பூமின் தள்ளும் இழுப்பும் ஒத்துப்போனால் கூரையை மேலிருந்து ஒரு அடி, கீழிருந்து ஒரு அடி. நல்ல உத்திரத்துக்கு இதுவும் பெரிதில்லை. மெத்தென்று போன முனைக்குப் பெரிது.

மாடிக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். ஜன்னல்களை மூடினேன், கதவைப் பாதி திறந்தேன், ஓட்டினேன். கட்டிலுக்கு மேலே இருக்கும் அந்த முனை திரையில் சிவப்பாக வந்தது. எவ்வளவு தாராளமாகப் பார்த்தாலும் சிவப்பு.

காலையில் போய்ச் சொன்னேன். சாந்தம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, அது இன்னும் மோசம்.

"அன்னிக்கு தாங்கும்னே. இன்னிக்கு தாங்காதுங்கறே. உன் கம்ப்யூட்டருக்குத் தலை கெட்டுப்போச்சா?"

"தப்பு கம்ப்யூட்டர்து இல்ல, என்னுது. ஜன்னல் திறந்திருக்கும்னு நெனச்சிட்டேன். திறந்தே வச்சுக்கலாம்னா..."

"திறந்து வச்சா அதுக்குப் பேரு பாணந்தனவா? குளிர் புடிச்சு ஜன்னி வந்தா நீ வந்து பாப்பியா?" கையில் இருந்த துணியைக் கட்டில்மேல் எறிந்தார். "துமகூருக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு போன் பண்ணுவேன்? ஊரெல்லாம் சொல்லிட்டேனே! பெத்த மக மாதிரி பாத்தேனே கீதா உன்ன!"

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

6

அதற்குப் பிறகு சாந்தம்மா என்னோடு பேசவில்லை. படியில் பார்த்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விடுவார். துமகூருக்கும் போன் செய்யவில்லை. காவ்யாவை இங்கே வரவழைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ" என்றார் முரளி. "அந்த ஒரு மாசத்துல, நம்ம வீட்டு மேலயேவா இன்னொரு விமானம் வந்து நிக்கும்?"

நியாயமான பேச்சுதான். நானும் அதை யோசிக்காமல் இல்லை. வராமல் போகவே வாய்ப்பு அதிகம். வந்தாலும் அந்த முனை தாக்குப்பிடித்துவிடலாம். என் கணக்கு எப்போதும் பயந்தாங்கொள்ளிப் பக்கம்தான் சாயும். ஆனால் உத்திரத்துக்கு நேர் கீழே கட்டில், கட்டிலில் பச்சைக் குழந்தை. எனக்கு அம்மாவாக இருந்தவரின் பேத்தியோ பேரனோ. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்றால் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

சட்டென்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. தாங்காத அறையைப் பற்றியே எத்தனை நாள் அழுதுகொண்டிருப்பது? தாங்குகிற அறை எது என்று பார்க்க வேண்டாமா? எங்கள் படுக்கையறை பின்பாதியின் மாடியில் இருக்கிறது. கான்கிரீட் தளம், நாலு பக்கமும் தூண், பீம். அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினேன். இந்தத் தடவை முதலிலேயே ஜன்னலில் துணி அடைத்தேன், கம்பளி போட்டேன், கதவைப் பாதி திறந்தேன். மூடியும் பார்த்தேன். முன்னறைக்கு விட்ட அதே வெடியை விட்டேன். தளம் அசைந்ததா என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

முரளியும் நிலாவும் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. "ஹால்ல படுத்துக்கலாம், டிவி பக்கத்துலயே" என்றாள் நிலா. இந்த வீட்டுக்கு நன்றிக்கடன் பட்டவள் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே போனேன். சாந்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"காவ்யாவை எங்க பெட்ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. நாங்க ஹாலுக்கு மாறிக்கறோம். எவ்ளோ வேணா அடைச்சுக்கங்க. எல்லாத்தையும் சேத்துத்தான் கணக்கு போட்டிருக்கேன்."

முறத்தின் சத்தம் நின்றது.

"வாடகைக்கு விட்ட ரூமுக்கு நானே குடி வரணுமா?"

"வாங்களேன். அட்வான்ஸ் வேண்டாம்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, அடக்கிக்கொண்டார். பிறகு வரிசையாகக் காரணங்கள். பிள்ளை பெற்றவள் மாடியேறுவதா? வெந்நீர் அண்டா கீழே அல்லவா இருக்கிறது? பத்தியச் சமையல் பாத்திரமெல்லாம்? குடியிருப்பவர்களை ஹாலில் படுக்கவைத்தால் தெருவில் என்ன பேசுவார்கள்? ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்ல, அவர் அடுத்ததற்குத் தாவினார். கடைசியில் நானே காவ்யாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

முழுக்கதையும் கேட்டுவிட்டுக் காவ்யா சொன்னாள்: "அம்மா, டென்த் மேத்ஸு பூரா நான் அக்கா ரூம்லதானே படிச்சேன்? எனக்கு அதே ரூமே இருக்கட்டும். ஹட மாடபேடா."

மகள் பிடிவாதம் பிடிக்காதே என்று சொன்னதும் சாந்தம்மாவின் பிடிவாதம் இறங்கிவிட்டது. "சரி. ஆனா துணி நான்தான் அடைப்பேன். நீ குறுக்க வரக்கூடாது" என்றார். சம்பந்தியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், மேலே கான்கிரீட்டா என்று.

7

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, எங்கள் கல்யாணக் கட்டிலில் காவ்யாவைப் படுக்கவைத்துவிட்டு சாந்தம்மா ஸ்டூல் போட்டு ஏறி எங்கள் ஜன்னல்களை அடைத்த அழகைப் பார்க்க வேண்டுமே! ஒரு கொசு நுழைய முடியாது. முரளியின் பழைய வேட்டிகள் இரண்டு அந்த இடுக்கில் போயின. அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். வீடு முழுக்கச் சாம்பிராணியும் பூண்டும் மணத்தன. செம்பு அண்டா எங்கள் சமையலறைக்கே குடி வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ஹாலில் வரிசையாகப் படுத்தோம். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு நிலா தூங்குவதற்குமுன் என்னிடம் ஏதாவது பேசிக்கொண்டிருந்தாள், பாதி கன்னடத்தில். குறுக்கே விழுந்து திருத்தாமல் கேட்டுக்கொண்டேன்.

குழந்தைக்குப் பேர் வைப்பதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலை. நான் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். சாந்தம்மா குழந்தையைக் குளிப்பாட்ட அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டுப் படுக்கையறைக்குள் எதையோ எடுக்கப் போயிருந்தார். டும் டும்.

இந்தத் தடவை எனக்கு சிலிண்டர் ஞாபகம் வரவில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. தட்டுகள் ஆடின, கார்கள் கத்தின, குழந்தை வீரிட்டது. நான் அறை வாசலுக்குப் போவதற்குள் சாந்தம்மா என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். படிகளில் தடதடவென்று இறங்கும் சத்தம். உள்ளே எட்டிப் பார்த்தேன். காவ்யா குழந்தையை மாரோடு அணைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் தளத்தில் ஒரு கீறல் இல்லை.

"ஏனில்ல அக்கா, ஒண்ணுமில்ல, பயந்துட்டா பாப்பா, அவ்ளோதான். அம்மா எங்க ஓடறாங்க, பாருங்க."

பின்னாலேயே இறங்கினேன். எப்போதும்போல் கதவு பாதி திறந்து கிடந்த முன்னறைக்குள் சாந்தம்மா நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அறை அவர் முதல் தடவை அடைத்து வைத்தபடியே இருந்தது, ஜன்னலில் கம்பளி, வென்டிலேட்டரில் புடவை. உத்திரம் உத்திரமாகவே இருந்தது. வெறும் கட்டில்மேல் ஒரு சிட்டிகைத் தூசிகூட விழவில்லை.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு தாயை அவள் அறையிலிருந்து கிளப்பி, சம்பந்தியிடம் தலைகுனிய வைத்து, மாடிக்கும் கீழுக்குமாக அலையவிட்டு, கடைசியில் இதற்காகவா?

"ஒண்ணும் விழல" என்றார் சாந்தம்மா.

"ம்."

"அந்த மூலைகூட அப்படியேதான் இருக்கு."

"இங்கயே இருந்திருக்கலாம் சாந்தம்மா. நான்தான் அனாவசியமா..." 

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் புரியாதவர்போல் பார்த்தார், பிறகு சரியான கோபம் வந்துவிட்டது.

"ஏனே நின் தலே! இவ்ளோ படிச்சு என்ன? சத்தம் கேட்டதும் நான் பாப்பாவைத் தூக்கினேனா? மேல நிமிந்து சீலிங்கைப் பாத்தேனா? பச்சக் கொழந்தைய அப்படியே வுட்டுட்டு, பாழாப்போன இந்த வீடு நிக்குதான்னு பாக்க ஓடி வந்திருக்கேன். பெத்தவளும் கொழந்தையும் மேல இருக்காங்க, அங்க ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொல்லிட்டே. அப்புறம் எனக்கு அங்க என்ன பயம்?"

நான் அப்படியே அந்த வெறும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என்னை அறியாமல் தேம்பித் தேம்பி அழுகை வந்தது.

"உத்திரத்துக்குக் கீழ உக்காந்து அழறா பாரு, இன்ஜினியரு" என்று என் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினார் சாந்தம்மா. "நட, தண்ணி காஞ்சிருக்கும். இன்னிக்குப் பாப்பாவுக்கு நீ ஊத்து."